மிஞ்சும் காசில் டிரைவ்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் கடந்த ஞாயிறு இணைப்பில், முதல் கேமிங் கணினியை வீட்டிலேயே பொருத்துவது பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. பிராசசருக்கு நாலு பந்தி, படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் கிராபிக்ஸ் கார்ட்டுக்கு ஐந்து பந்தி, பெட்டிக்குள் எரியும் வண்ண விளக்குக்குக்கூட ஒரு பந்தி. கேம்களையும் கோப்புகளையும் சேமித்து வைக்கும் டிரைவுக்கு மட்டும் ஒரே வசனம்: "சேமிப்பை மிஞ்சும் காசில் பார்த்துக்கொள்ளலாம், நிறைந்தால் அழித்துவிட்டு மறுபடி டவுன்லோட் செய்தால் போயிற்று."

எவ்வளவு லேசாகப் போயிற்று! எழுதியவர் வீட்டில் என்ன இணைப்பு வைத்திருக்கிறாரோ, எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை. 'பால்டர்ஸ் கேட் 3' என்ற கேம் கேட்கும் இடம் 150 ஜி.பி. 20 எம்.பி.பி.எஸ். இணைய வேகம் ஒரு நிமிடமும் குறையாமல் வந்தாலும் அவ்வளவையும் இறக்க 16 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அந்த வேகம் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பின்னேரம் ஆறு மணிக்கு வருகிறதா என்று உங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள். இரவு டேட்டாவுக்காகப் பன்னிரண்டு மணி வரை முழித்திருந்துவிட்டு, காலையில் முதலாம் பாடத்திலேயே மேசையில் தலை வைக்கும் மாணவர்களை நான் பார்க்கிறேன். அவர்களிடம் போய், அழித்துவிட்டு மறுபடி இறக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நான் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். கணினி ஆய்வுகூடத்தின் சாவியும் என்னிடம்தான். சுழலும் தட்டில் எழுதும் பழைய வகை டிரைவான ஹாட் டிஸ்க் ஒன்று சாக முதல் என்ன சத்தம் போடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்து என்ன? மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்ததும் கணினி பொருத்தக் காசு அனுப்புகிறேன் என்று கனடாவில் இருக்கும் அண்ணா சொல்லியிருந்தார். நானும் மகளும் இருந்து பட்டியல் போட்டோம். விண்டோசுக்கும், அந்தந்த நேரம் விளையாடும் கேம்களுக்கும் ஒரு டி.பி. (1,000 ஜி.பி.) என்.வி.எம்.ஈ., அதாவது சுழலும் தட்டில்லாமல் மெமறி சிப்பில் எழுதும் எஸ்.எஸ்.டி.களில் வேகமான வகை. பழைய கணினியில் நன்றாக இருக்கும் ஹாட் டிஸ்க்கைக் கழற்றி, மற்றக் கேம்களை வைக்க இரண்டாவது டிரைவாக. அண்ணா உங்கள் கட்டுரையைப் போனில் படம்பிடித்து, அந்த வசனத்துக்குக் கீழே சிவப்புக் கோடும் போட்டு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். "பேப்பரிலயே போட்டிருக்கு. டிரைவுக்கு ஏன் இவ்வளவு? அந்தக் காசையும் கிராபிக்ஸ் கார்ட்டில போடு." பேப்பருக்கு முன்னால் ஒரு ஆசிரியை எம்மாத்திரம்!

உங்களுக்குத் தெரியாததல்ல. 2020 நவம்பரில், டீவியில் விளையாடும் கேம் பெட்டிகளான பிளேஸ்டேஷன் 5உம் புதிய எக்ஸ்பொக்ஸும் எஸ்.எஸ்.டி.யோடுதான் வந்தன. அதற்குப் பிறகு பெரிய கேம்களைச் செய்கிறவர்கள் எஸ்.எஸ்.டி. இருக்கிறது என்று நம்பித்தான் செய்கிறார்கள். 'சைபர்பங்க் 2077' வந்தபோது ஹாட் டிஸ்க்கிலும் ஓடியது. 2023இல் அதன் குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்.எஸ்.டி. என்று மாற்றிவிட்டார்கள். அதே வருடம் வந்த 'ஸ்டார்ஃபீல்ட்' எஸ்.எஸ்.டி.யில் 125 ஜி.பி. கேட்கிறது. மிஞ்சும் காசுக்கு ஹாட் டிஸ்க் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு இவற்றை ஓட்டினால், எவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்ட்டாக இருந்தாலும், திரையில் சுவர் வந்து சேருமுன் கேமில் ஓடும் ஆள் சுவருக்குள் போய் நிற்பான்.

அதற்காக ஆகப் பெரிய விலைக்கு வாங்கு என்றும் நான் சொல்லவில்லை. ஹாட் டிஸ்க் விநாடிக்கு 150, 200 எம்.பி. வாசிக்கும். சாட்டா என்ற பழைய இணைப்பில் ஓடும் எஸ்.எஸ்.டி. 550 அளவில். மூன்றாம் தலைமுறை என்.வி.எம்.ஈ. 3,500, நாலாம் தலைமுறை 7,000 வரை போகும். ஆனால் கேம் திறக்கும்போது கடைசி மூன்றுக்கும் இடையில் தெரிவது பெரும்பாலும் சில விநாடிகள்தான். ஹாட் டிஸ்க்குக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் இடையில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஐந்தாம் தலைமுறையைப் பற்றி முதல் கணினி பொருத்துகிற பிள்ளை யோசிக்கவே தேவையில்லை. எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேய்ந்துவிடும் என்று அண்ணா பயப்படுகிறார். நல்ல ஒரு டி.பி. டிரைவுக்குப் பொதுவாக 600 டி.பி. எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். நாளுக்கு 150 ஜி.பி. எழுதினாலும் 4,000 நாள். இதையெல்லாம் எழுதத்தான் ஒரு பந்தி வேண்டும் என்கிறேன், அந்த வண்ண விளக்குப் பந்தியையாவது தந்திருக்கலாம்.

மிஞ்சும் காசு என்பதும் எந்தக் காலத்துக் கதையோ. 2025 கடைசியில் இருந்து செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் மெமறி சிப்புகளை அள்ள, எஸ்.எஸ்.டி. விலையும் ராம் விலையும் ஏறிக்கொண்டு போகிறது. கடைசியில் வாங்கலாம் என்று விட்டால் கையில் மிஞ்சும் காசுக்கு என்ன வரும்? என் மாணவன் ஒருவனுக்கு வந்தது, ஒன்லைனில் வாங்கிய பெயரில்லாத ஒரு '2 டி.பி.' டிரைவ். விண்டோசும் 2 டி.பி. என்றுதான் காட்டியது. ஐம்பது, அறுபது ஜி.பி. தாண்டியதும் முதலில் போட்டவை ஒவ்வொன்றாகத் திறக்காமல் போயின. உள்ளே இருந்தது சின்ன மெமறி, வெளியே பெரிய எண். பெடியன் அழாத குறை.

அதே கட்டுரையில் "எம்.2 துளையில் எந்த எம்.2 டிரைவும் பொருந்தும்" என்றும் ஒரு வரி. எம்.2 என்பது மதர்போட்டில், அதாவது எல்லாப் பாகங்களும் சேரும் பலகையில், மெல்லிய டிரைவைச் செருகும் இடம். பொருந்தும், ஆனால் எல்லாமே வேலை செய்யும் என்றில்லை. எம்.2இல் சாட்டாவும் உண்டு, என்.வி.எம்.ஈயும் உண்டு, என்.வி.எம்.ஈ. மட்டும் எடுக்கும் துளையில் சாட்டாவைச் செருகினால் கணினி அதைக் கண்டும் கொள்ளாது. சில மதர்போட்டில் இரண்டாவது எம்.2 துளையை நிரப்பினால் மற்ற டிரைவுகளின் வயர் செருகும் சாட்டா வாய்கள் சில செத்துவிடும். மகள் கையேட்டின் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, எந்த வாய் போகும் என்று பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். 22 மில்லிமீற்றர் அகலமும் 80 நீளமும் உள்ள அந்தத் துண்டைச் சரிவாக நுழைத்து, மெல்ல அமர்த்தி, முனையில் ஒரு குட்டித் திருகாணி. அது பெரும்பாலும் டிரைவ் பெட்டிக்குள் வராது, மதர்போட் பெட்டிக்குள் ஒரு சின்னப் பையில் இருக்கும், பெட்டியோடு எறிந்துவிடாதே என்று அவள்தான் தன் சிநேகிதிகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உங்கள் கட்டுரையோ "உங்கள் மகன் பொருத்தும்போது", "உங்கள் மகனுக்கு ஆசையாக இருந்தால்" என்றே கடைசி வரை போகிறது. சரி, இருக்கட்டும்.

விலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எல்லாம் இந்திய ரூபாய்! யாழ்ப்பாணத்தில் அச்சாகும் பத்திரிகையில்! அதை மூன்றால் பெருக்கினாலும் போதாது, அதற்கு மேல் எங்களுக்கு 18 சதவீத வற் வரி வேறு இருக்கிறது. "ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்குங்கள்" என்று அறிவுரையும் உண்டு. அந்தத் தெரு இருப்பது சென்னையில். பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறதுதான், காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் இருக்கிறதுதான். ஆனாலும் ஒரு டிரைவ் வாங்க யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதி, ஸ்டான்லி வீதிப் பக்கம் போகலாமே என்று எங்கேயோ வந்த கட்டுரையை எடுத்துப் போட்டவருக்கு ஒரு கணம் தோன்றியிருக்கக் கூடாதா?

தொண்ணூறுகளில் டோர்ச் பற்றரிக்குத் தடை இருந்த ஊர் இது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டு வளர்ந்தவள் நான். 2022 மார்ச்சில் 13 மணி நேர மின்வெட்டும் பார்த்தோம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எந்த டிரைவிலும் கோப்பு சிதையலாம், அதனால் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் கணினியை ஓட்டும் யு.பி.எஸ். பற்றி ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இந்த ஊருக்கு எழுதியது போலாவது இருந்திருக்கும். எங்கள் பகுதியில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது பற்றிப் போன வருடம் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இடம் இருந்திருக்காது, விளங்குகிறது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு நாலு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். டிரைவுக்கு முதலிலேயே காசு ஒதுக்க வேண்டும், பழைய ஹாட் டிஸ்க்கை எறியக் கூடாது, விலைகள் இலங்கை ரூபாயில் இவ்வளவு. அவ்வளவுதான். முதல் பக்கத்தில் வேண்டாம், மரண அறிவித்தல் பக்கத்தில் ஒரு மூலையில் போட்டாலே போதும். அண்ணா கனடாவில் இருந்து முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
கோண்டாவில்.