பங்குப் பாடகர் குழு: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அண்ணன் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராதவர்களிடம் போய் இதைச் சொல்லப்போகிறவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். ஞாயிறு திருப்பலிகளில் தவறாமல் பாடினோம். திருவிழாவில் கொடியேற்றம் முதல் சப்பரம் வரை பாடினோம். பிப்ரவரியில் ஓரியூர் போய் அருளானந்தர் திருத்தலத்தில் ஒரு திருப்பலிக்குப் பாடினோம். வேன் வாடகை தனிக்கணக்கு. மார்ச்சில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு நான்கு பேர் பெயர் கொடுத்துப் போய்வந்தார்கள். அல்லேலூயா பாடாத தவக்காலம் என்பதை மறந்து அதில் ஒருவர் படகிலேயே அல்லேலூயாவை எடுத்துவிட, பக்கத்திலிருந்த சிஸ்டர் கையமர்த்தியதாகக் கேள்வி. பெயர் சொல்லமாட்டேன், டெனர் பாடுபவர்.

பாட்டுப் பழகும் நாளுக்கு ஆள் வராததைச் சொல்லியே ஆகவேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் நமக்குப் பொற்காலம். அண்ணன்மார் எல்லோரும் கரையில் இருந்தார்கள், நாலு குரலும் நிறைந்தது. தடைக்காலம் முடிந்ததும் ஆண் குரலும் முடிந்தது. சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகு ஞாயிறு காலையில்தான் கரை சேர்கிறது. மீனை இறக்கி, ஐஸ் போட்டு, விலை பேசி முடிப்பதற்குள் இங்கே திருப்பலி முடிந்து 'சென்று வாருங்கள்' சொல்லியாகிவிடும். போன வருட அறிக்கையில் இவர்களைக் கடுமையாக எழுதிவிட்டேன். வருந்துகிறேன். ஆனால் கரையிலேயே இருந்துகொண்டு வராதவர்களுக்கு இந்த வருத்தம் பொருந்தாது.

அதில் யோசித்து ஆரம்பித்ததுதான் கரைப்பாட்டு. சிலர் இதைச் செயலாளரின் கிறுக்கு என்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். திங்கள், புதன், சனி காலையில் கடலுக்குப் போகிறவர்கள் அனுமதி டோக்கன் வாங்கக் காத்திருக்கும் நேரத்தில், கரையில் உள்ள கெபிக்கு, அதாவது குகை வடிவச் சிற்றாலயத்துக்கு, முன்னால் நின்று ஒரே ஒரு புகழ்ச்சிப் பாட்டு. மைக் கிடையாது, கீபோர்டு கிடையாது. ஐந்து நிமிடம். கோயிலுக்கு வரமுடியாதவர்களிடம் பாட்டு போகட்டுமே என்பதுதான் எண்ணம். நம் பாட்டிமார் சாமியாரைக் கண்டால் 'சர்வேசுரனுக்குத் தோத்திரம்' என்பார்கள். கருவாடு காயப்போடும்போதும் வாயில் ஒரு ஞானப்பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இப்போது நாம் 'குட் மார்னிங் ஃபாதர்' என்கிறோம், புகழ்ச்சியை ஞாயிறு ஒரு மணி நேரத்துக்கு ஆம்ப்ளிஃபயரிடம் ஒப்படைத்துவிட்டோம்.

முதல் மாதம் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அப்புறம் ஒரு புதன்கிழமை பாடி அனுப்பிய படகு வெறும் வலைமடியோடு திரும்பியது. படகிலிருந்த தம்பி என்னைப் பார்த்து, "அண்ணே, புகழ்ந்து அனுப்பினீங்க, டீசல் காசுகூடத் தேறல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது பதில் வரவில்லை.

வீட்டுக்குப் போய் விவிலியத்தில் திருப்பாடல் நூலைப் புரட்டினேன். எபிரேயத்தில் அந்த நூலுக்குப் பெயர் தெகில்லிம், புகழ்ச்சிகள் என்று பொருள். ஆனால் உள்ளே 150 பாடல்களில் எத்தனை புலம்பல்! எதிரி வளைத்துக்கொண்டான், தண்ணீர் கழுத்துவரை வந்துவிட்டது, எத்தனை நாளைக்கு மறந்திருப்பீர் என்று கேட்கிற பாட்டையும் சேர்த்துத்தான் அதற்குப் புகழ்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திருத்தூதர் பவுலும் அவரோடு போன சீலாவும் பிலிப்பி நகரச் சிறையில் நள்ளிரவில் பாடியது அடி வாங்கிய முதுகோடு, காலில் தொழுமரத்தோடு. நம் கரையில் மீன் கிடைப்பதற்கும் பாடு என்றுதான் சொல்கிறோம், துன்பத்துக்கும் பாடு என்றுதான் சொல்கிறோம். மீன்பாடு பார்த்துப் பாட்டு என்றால் அது கூலிக்குப் பாடுவது. அந்தத் தம்பிக்கு இதுதான் என் பதில். அவன் இன்று வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. கடலில் பிடிபட்டு அந்தக் கரையில், இலங்கையில், சிறையிலிருந்த பையனின் அம்மா தவறாமல் கரைப்பாட்டுக்கு வந்தார்கள். குழு உறுப்பினர் இல்லை, சுருதியும் சேராது. 'அக்கா, இன்றைக்கு மன்றாட்டுப் பாட்டு எடுக்கட்டுமா' என்று ஒருநாள் கேட்டேன். 'அழுகிறதை வீட்டில் அழுதுக்கிறேன், இங்கே எப்பவும் பாடுறதையே பாடுங்க தம்பி' என்றார்கள். பாடினோம். அன்று நான்கு பேர்தான். பையன் இரண்டு மாதம் கழித்து வீடு வந்து சேர்ந்தான். அந்த அம்மா இப்போதும் வருகிறார்கள். உறுப்பினர்கள்தான் குறைந்துகொண்டே போகிறார்கள்.

காலைத் தூக்கம் கெடுகிறது என்று பங்குப்பேரவையில் ஒரு புகார் போனதும் உண்மை. ஒலிபெருக்கி இல்லாத ஐந்து நிமிடப் பாட்டில் யார் தூக்கம் கெட்டது என்று நான் கேட்கவில்லை.

வரவு செலவு: ஏறக்குறைய சரியாக இருக்கிறது. கீபோர்டு பழுதுபார்த்ததில் கொஞ்சம் துண்டு விழுந்தது. அதை நான் பார்த்துக்கொண்டேன், இங்கே பெரிதுபடுத்த விரும்பவில்லை. சந்தா மாதம் 30 ரூபாய். 27 உறுப்பினர்களில் முழுமையாகக் கட்டியவர்கள் 8 பேர், அதில் 6 பேர் பெண்கள். தடைக்காலத்தில் யாரிடமும் கேட்கவில்லை. தடைக்காலம் முடிந்து எத்தனை மாதம் ஆகிறது என்பதை உங்கள் மனச்சாட்சிக்கு விடுகிறேன்.

பங்குத்தந்தைக்கும், அருள்சகோதரிகளுக்கும், கோயில்பிள்ளைக்கும், டீ கொடுத்த அன்பியத்தாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குச் செயலாளராக வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். ரசீதுப் புத்தகமும் கீபோர்டும் என் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. கரைப்பாட்டை மட்டும், பதவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நானும் அந்த அக்காவும் பாடுவோம். வரும் திங்கள் காலை ஐந்தரைக்குக் கெபி முன்னால் நிற்போம். இரண்டு பேர் பாடினால் காற்றில் கேட்பதில்லை. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசல் மேசையில் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்