தமிழ் மறவன் வண்ணத்துப்பூச்சிக்காக நீரடிமுத்து மரங்களைக் காக்கக் கோரும் மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட வன அலுவலர் அவர்கள்

பொருள்: ஓடைக்கரை நீரடிமுத்து மரங்கள் – தளிர்க்காலத்தில் கிளை வெட்டுவதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

சோதனைச்சாவடியைத் தாண்டி மலைச்சாலை ஓடையை ஒட்டி வளையும் இடம் தாங்கள் அறிந்ததே. அங்குள்ள நீரடிமுத்து மரங்களுக்காக முன்பே மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டும் வைத்திருக்கிறோம். பதில்தான் வரவில்லை. மீண்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. தமிழ் மறவன் 2019-ல் நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. முக்கியமாக மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும்தான் வாழ்கிறது.

2. இதன் புழு கண்ட இலையையும் தின்னாது. நீரடிமுத்தும் அதற்கு உறவான காட்டு மரங்களும்தான் அதன் உணவு.

3. எங்கள் பெரிய வேதனை இதுதான். ஆண்டுதோறும் மரம் தளிர்விடும் நேரத்தில்தான் சாலையோரக் கிளைகளைக் கழிக்க ஆட்கள் வருகிறார்கள். புழுக்கள் மேய்வது அந்தத் தளிரில். வெட்டிய கிளைகள் சாலையோரம் குவிந்து கிடக்கும்; வெயில் ஏற ஏற இலை சுருண்டுவிடும். உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் அந்தப் புழுக்கள் காய்ந்த இலையை விட்டு இறங்கி, தார்ச்சாலையில் ஊர்ந்து, வண்டிச் சக்கரத்தில் நசுங்குகின்றன. பேருந்தில் உரசும் கிளை என்றால் சரி, அதை மட்டும் கழிக்கட்டும். ஓடைப்பக்கம் சாய்ந்த கிளை யாருக்கு என்ன இடைஞ்சல் செய்தது ஐயா? அதையும் ஏன் மொட்டையடிக்க வேண்டும்? எத்தனை முறைதான் சொல்வது?

4. பதிலுக்குக் கன்று வைத்துவிட்டோம் என்கிறார்கள். வைத்தது புங்கன். நல்ல மரம்தான், ஆனால் இந்தப் புழு அதைத் தொடாது. நீரடிமுத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மிச்சமிருக்கும் பெண் மரங்களில் ஒன்று போனாலும் காய் குறையும், அப்புறம் கன்றுக்கு எங்கே போவது? ஒரு காலத்தில் தொழுநோய்க்கு எண்ணெய் கொடுத்த மரம் ஐயா இது!

நாங்கள் நிதி கேட்கவில்லை, பூங்கா கேட்கவில்லை. தளிர்க்காலத்தில் அரிவாளை நிறுத்துங்கள் என்றுதான் கேட்கிறோம். இந்த ஓடைக்கரை மரங்களின் விதையிலிருந்தே நாற்றங்காலில் கன்று வளர்த்து இங்கே நடவும் உத்தரவிடுங்கள். அடுத்த முறை ஆட்கள் வருவதற்குள் தாங்களே ஒரு தடவை நேரில் வந்து பாருங்கள். தளிர்க்காலத்தில் மட்டுமாவது வெட்ட வேண்டாம் ஐயா.

இப்படிக்கு,
ஓடைக்கரை ஊர் மக்கள்