தேர்வே இல்லாத மொழிக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள்

கலிஃபோர்னியா மாநிலத் தொழிலாளர் இழப்பீட்டுப் பிரிவின் நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மடலை வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலம் தெரியாமல் இல்லை, இரண்டு மொழிக்கும் நடுவே உட்கார்ந்து பேசுவதுதான் என் பிழைப்பே. ஆனால் ஓக்லண்ட் கிளே தெருவில் இருக்கும் உங்கள் அலுவலகத்தில் யாராவது இதைப் படிக்க வேண்டுமென்றால், தமிழ் தெரிந்த ஓர் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். பிடித்த பிறகு, அவர் சொல்வது சரிதானா, சொல்வதற்கு அவருக்கு என்ன தகுதி என்று பக்கத்து மேசைக்காரர் கேட்பார். அப்போது அவரிடம் எந்தத் தாளைக் காட்டச் சொல்வீர்கள்? என்னை அந்தத் தாளைக் கேட்டுத்தான் சில வருடங்களாக அலைக்கழிக்கிறார்கள்.

நான் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் உரைபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். வேலையிடத்தில் அடிபட்டவர்கள் டாக்டரைப் பார்க்கப் போகும்போது கூடப் போய், அவர்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும் டாக்டர் சொல்வதைத் தமிழிலும் சொல்வேன். (எங்கள் ஊரில் எழுதுகிறவர், பேசுகிறவர் எல்லாருமே மொழிபெயர்ப்பாளர்தான். பேச்சுக்கு ‘உரைபெயர்ப்பாளர்’ என்று தனிச் சொல் இருப்பதை இலங்கை நண்பர்கள் வாயிலாகத்தான் தெரிந்துகொண்டேன்.) பே ஏரியாத் தமிழர் என்றதும் கம்ப்யூட்டர்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்கு நான் தேவைப்படுவதில்லை. உணவகச் சமையலறை, கிடங்கு, முதியோர் பராமரிப்பு, பெட்ரோல் பங்க் என்று வேலை பார்ப்பவர்களுக்குத்தான் தேவைப்படுகிறேன்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தோசைக்கல்லில் நிற்கும் ஒரு மாஸ்டர், ஐம்பதைத் தாண்டியவர். மாவு வாளியைத் தூக்கும்போது வழுக்கி விழுந்தார். முதல் நாள் உடன் வேலை செய்யும் பையன் ஒருவன் கூடப் போய் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறான். எங்கே வலி என்ற இடத்தில் ‘ஹேண்ட்’ என்று எழுதியிருந்தது. மாஸ்டர் ‘கை’ என்றார், அவனும் அகராதிப்படி சரியாகத்தான் எழுதினான்.

ஆனால் நமக்குக் கை என்பது தோள் முட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும். கால் என்றாலும் அப்படித்தான், தொடையும் கால், பாதமும் கால். தமிழில் இதனால் ஒரு குறையும் இல்லை, பேசுகிறவர் தொட்டுக் காட்டிவிடுவார். இழப்பீட்டு வழக்கில் அப்படி முடியாது. எந்த உறுப்பை முதலாளியின் இன்சூரன்ஸ் ஏற்றுக்கொண்டதோ அதற்குத்தான் சிகிச்சைக்குப் பணம் வரும்.

மூன்றாம் வாரம் எலும்பு டாக்டரிடம் நான் கூடப் போனேன். “கை கடுக்குதுங்க, ராத்திரி படுத்தா விண்ணு விண்ணுன்னு தெறிக்குது” என்றார் மாஸ்டர். நான் டாக்டரிடம், “இவர் சொல்லும் சொல்லுக்குத் தோள் முதல் விரல் வரை எதுவாகவும் இருக்கலாம், தெளிவுபடுத்திக் கேட்கட்டுமா?” என்று அனுமதி கேட்டேன். நாமாக ஊகித்துச் சொல்லக்கூடாது, அது எங்கள் தொழில் ஒழுக்கம். அவர் சரி என்றதும் கேட்டேன். மாஸ்டர் இடது கையால் வலது தோளின் பின்புறத்தைப் பிடித்துக் காட்டினார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து தோளைத் தூக்கிப் பார்த்தார். காது உயரத்துக்குக்கூட வரவில்லை. மூன்று வாரமாக மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

அப்புறம் என் பில்லுக்கு வருவோம். உங்கள் விதி 9795.3 படி இந்த மாதிரிச் சந்திப்புக்குக் கால் மணி நேரத்துக்கு 11.25 டாலர், குறைந்தபட்சம் இரண்டு மணி நேரம். ஆக 90 டாலர். சந்தை விலை அதைவிட அதிகம் என்றால் அதைக் கேட்கலாம், ஆனால் நிரூபிக்க வேண்டியது நாங்கள். நான் 90 தான் போட்டேன். இரண்டு மாதம் கழித்து இன்சூரன்ஸிலிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது: உரைபெயர்ப்பாளர் சான்று பெற்றவர் அல்லர், கட்டணம் மறுக்கப்படுகிறது.

சான்று பெற்றவர் அல்லன்தான், ஒப்புக்கொள்கிறேன். எங்கே போய்ப் பெறுவது என்றுதான் கேட்கிறேன். அரசுச் சட்டத் தொகுப்பின் பிரிவு 11435.40 எட்டு மொழிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: ஸ்பானிஷ், தகாலோக், அரபு, கான்டனீஸ், ஜப்பானியம், கொரியன், போர்ச்சுகீஸ், வியட்நாமியம். தமிழ் அதில் இல்லை. மருத்துவ உரைபெயர்ப்புக்குச் சான்று தரும் இரண்டு தேசிய அமைப்புகளில் ஒன்று ஆறு மொழிகளில் வாய்மொழித் தேர்வு நடத்துகிறது, இன்னொன்று மூன்றில். தமிழ் இரண்டிலும் இல்லை. மாநில நீதிமன்றங்கள் பஞ்சாபிக்குத் தேர்வு வைக்கின்றன (நல்லது, மத்தியப் பள்ளத்தாக்கில் அவர்கள் நூறு வருடமாக உழைக்கிறார்கள்). தமிழுக்கு வைப்பதில்லை. அதனால் அங்கே ‘சான்று பெற்றவர்’ என்ற பட்டியலில் சேர எனக்கு வழியில்லை, ‘பதிவு பெற்றவர்’ என்ற இன்னொரு பட்டியலில்தான் இருக்கிறேன். எழுத்துத் தேர்வு, பேச்சுத்திறன் தேர்வு, நெறிமுறை வகுப்பு எல்லாம் முடித்துத்தான் அதற்குள் வந்தேன். கொலை வழக்கில் சாட்சி சொல்பவருக்காக நீதிபதி முன்னால் என்னை நிறுத்தலாம். தோள்வலிக்காரருக்காக டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும், ‘நீ வெறும் பதிவுதானே’ என்கிறார் கிளெய்ம் அட்ஜஸ்டர், அதாவது பில்லை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் இன்சூரன்ஸ்காரர்.

சட்டத்தை எழுதியவர்கள் இதை யோசிக்காமலும் இல்லை. தொழிலாளர் சட்டம் 4600 பிரிவின் (ஜி) உட்பிரிவை எடுத்துப் பாருங்கள், 2012-இல் நிறைவேறிய எஸ்.பி. 863 என்ற மாநிலச் சட்டம் கொண்டுவந்தது. சான்று இல்லாத உரைபெயர்ப்பாளருக்கு வேலை கொடுத்த நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, உடனே இரண்டு விலக்கு வைக்கிறது. நிறுவனம் அந்த ஆளுக்கு முன்கூட்டியே சம்மதித்திருந்தால் தர வேண்டும். அல்லது அந்த எட்டு மொழிப் பட்டியலுக்கு வெளியே உள்ள மொழி என்றால், சிகிச்சை தரும் டாக்டரே தற்காலிகச் சான்று கொடுத்தால் போதும். தமிழ் அந்த இரண்டாவது வாசல் வழியாகத் தாராளமாக உள்ளே வருகிறது. டாக்டர் அதை அறிக்கையில் ஒரு வரி குறித்து வைத்தால் வேலை முடிந்தது.

அந்த ஒரு வரியில்தான் வில்லங்கம். அன்றைக்கு டாக்டர் ‘உரைபெயர்ப்பாளர் உடனிருந்தார்’ என்று மட்டும் எழுதியிருந்தார். பெயர் இல்லை, மொழி இல்லை, தற்காலிகச் சான்று என்ற சொல்லும் இல்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், பத்து நிமிடத்துக்கு ஒரு நோயாளியைப் பார்க்கிறவர். நான் அந்த கிளினிக்குக்கு இரண்டு முறை நடந்தேன். வரவேற்பில் இருந்த பெண், “பழைய அறிக்கையைத் திருத்தணும்னா வக்கீல் கடிதம் வேணுமே” என்றார். சரி, முன்கூட்டியே சம்மதம் இருந்ததே என்று அட்ஜஸ்டர் அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டினேன். ‘தமிழ் உரைபெயர்ப்பாளருக்கு அனுமதி’ என்று அதில் தெளிவாகவே இருந்தது. பதில் வந்தது: அனுமதி தமிழ் உரைபெயர்ப்பாளருக்கு, உங்களுக்கு அல்ல.

இதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். வேறென்ன செய்வது?

‘லீன் போட்டு வாதாடேன்’ என்பீர்கள். லீன் என்றால், வர வேண்டிய பணத்துக்காக அந்த இழப்பீட்டு வழக்கில் பதிகிற கோரிக்கை. 2011-இல் கித்ரோன் வழக்கில் தொழிலாளர் இழப்பீட்டு மேல்முறையீட்டு வாரியம் முழு அமர்வாகக் கூடி, சிகிச்சைச் சந்திப்புக்கு உரைபெயர்ப்பாளரைத் தருவது நிறுவனத்தின் கடமை என்று தீர்ப்புச் சொன்னது. எங்களுக்கெல்லாம் அது பெரிய நாள். ஆனால் அதே தீர்ப்பு, சேவை தேவைப்பட்டது, நிஜமாகவே நடந்தது, செய்தவர் தகுதியானவர், கட்டணம் நியாயமானது என்பதையெல்லாம் பணம் கேட்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றும் சொன்னது. அடுத்த ஆண்டு வந்த எஸ்.பி. 863 லீன் பதியக் கட்டணம் வைத்தது. 150 டாலர். 90 டாலரைக் கேட்க 150 டாலர் கட்ட வேண்டும். சில நிபந்தனைகள் நிறைவேறி, கேட்ட தொகை முழுதாகக் கிடைத்தால் அந்த 150-ஐத் திருப்பிக் கேட்கலாம் என்பது உண்மைதான். அதற்காக சான் ஹோசே வாரிய அலுவலக வராந்தாவில் எத்தனை நாள் உட்கார வேண்டும், அந்த நாட்களின் கூலியை யார் தருவார்? சேவை செய்த நாளிலிருந்து 18 மாதம் கெடு. அது ஓடிப் போய்விட்டது, நானும் விட்டுவிட்டேன். இப்படி விட்டுவிடுவோம் என்று தெரிந்துதான் மறுக்கிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. நிரூபிக்க முடியாது.

இவ்வளவு கெடுபிடி ஏன் வந்தது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. செய்யாத சிகிச்சைக்குப் பில் போட்டவர்களும், அடிபட்ட ஏழைகளை ஆள் வைத்துப் பிடித்து விற்றவர்களும் இந்தத் துறையில் இருந்தார்கள். 2016-இல் வந்த எஸ்.பி. 1160, ஏ.பி. 1244 என்ற இரண்டு சட்டங்களும் அவர்களைத் தடுக்க விதிகள் கொண்டுவந்தன. குற்றம் சாட்டப்பட்டவரின் லீன் அப்படியே முடங்கி நிற்கும், தண்டனை பெற்றவர் துறையை விட்டே வெளியேற வேண்டும். அதை எதிர்த்து நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன்.

என் நண்பர் ஒருவர் இதே துறையில் மருத்துவ ஆவணங்களை நகலெடுத்துத் தரும் தொழில் செய்கிறார். கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் அவர் தொழில்முறை நகலெடுப்பாளராகப் பதிவு செய்து, பிணைப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் உங்கள் கட்டண அட்டவணைப்படி அவருக்கு ஒரு காசு கிடையாது. அவரும் திட்டுவார், ஆனால் அவர் போய் நிற்க ஒரு கவுன்ட்டர் இருக்கிறது. வரிசையில் நின்று, பணம் கட்டி, முத்திரை வாங்கிக்கொண்டு வரலாம். எனக்கு அந்தக் கவுன்ட்டரையே இன்னும் திறக்கவில்லை.

நாளைக்கே தமிழுக்குத் தேர்வு வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. வைத்தால் முதல் ஆளாக உட்காருவேன், ஆனால் அதை வைப்பது லேசு இல்லை. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் ஒருமுறை “நாரி நோகுது” என்றார். நான் மதுரைப் பக்கம், ஒரு கணம் திகைத்தேன். நாரி என்றால் அவர்களுக்கு இடுப்புக்குப் பின்புறம். கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சொன்னேன். இந்த இரண்டு தமிழும் தெரிந்தவர்கள் உட்கார்ந்துதான் கேள்வித்தாள் எழுத வேண்டும். வருடக்கணக்காகும், தெரியும்.

அதுவரைக்கும் செய்யக்கூடியவை உங்கள் கைவசமே இருக்கின்றன. நான் தகுதியற்றவன் என்று அட்ஜஸ்டருக்குத் தோன்றினால் அதைச் சந்திப்புக்கு முன்னால் சொல்லட்டும். நேரமும் இடமும் குறித்து அனுமதி கொடுத்துவிட்டு, வேலையை வாங்கிக்கொண்டு, பில் வந்த பிறகு சான்று எங்கே என்று கேட்பதற்கு விதியிலேயே தடை போடுங்கள். டாக்டர் எழுதும் முன்னேற்ற அறிக்கைப் படிவத்தில் உரைபெயர்ப்பாளர் பெயர், மொழி, தற்காலிகச் சான்று என்று கண்ணில் படுகிற மாதிரி ஒரு கட்டம் போடுங்கள், ஒரு டிக் அடித்தால் முடிந்தது. நீதிமன்றப் பட்டியலில் ‘பதிவு பெற்றவர்’ என்று இருக்கும் தமிழ், தெலுங்கு, நேப்பாளிக்காரர்களை, தேர்வில்லாத மொழிகளைப் பொறுத்தவரை தகுதியானவர்களாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லி அட்ஜஸ்டர்களுக்குச் சுற்றறிக்கை விடுங்கள். இதற்கெல்லாம் சட்டமன்றம் வரைக்கும் போக வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

மாஸ்டர் கதையை நான் முடிக்கவில்லை. எனக்குப் பணம் மறுத்த பிறகு வந்த சந்திப்புக்கு நான் போகவில்லை. போயிருக்க வேண்டும், இப்போதும் உறுத்துகிறது. அன்று யார் பேசினார்கள் என்று போனில் கேட்டேன். “எங்க மேனேஜர் சாரே வந்தாரு தம்பி. நான் நீளமா சொன்னேன், அவரு ரெண்டே வார்த்தையில முடிச்சுட்டாரு” என்றார்.

எந்த முதலாளியிடம் இழப்பீடு கேட்கிறாரோ, அவருடைய மேனேஜர். அவரிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் வரவில்லை, அவர் பில் போடவில்லையே.

கடைசியாக ஒன்று. இந்த மடலை உங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்ல யாரையாவது கூப்பிடுவீர்கள் அல்லவா, என்னைக் கூப்பிடாதீர்கள், சொந்த வழக்கில் நானே உரைபெயர்ப்பது முறையாகாது. வருகிறவருக்குக் குறைந்தது இரண்டு மணி நேரக் கட்டணம், 90 டாலர். அனுமதிக் கடிதத்தில் ‘தமிழ் உரைபெயர்ப்பாளர்’ என்று பொதுவாக எழுதாமல் அவர் பெயரைப் போட்டு, அவர் உட்காருவதற்கு முன்னாலேயே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பதிவு பெற்ற, சான்று பெறாத,
ஒரு தமிழ் உரைபெயர்ப்பாளர்