டேபை இடைவெளியாக மாற்றுவது பற்றி: தமிழ்க் கட்டற்ற மென்பொருள் திட்டங்களைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் வேலை முடிந்து வந்து, தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு எழுதிய நிரல்களை நம்பித்தான் நான் தினமும் தமிழில் வேலை செய்கிறேன். அந்த நன்றியோடு ஒன்று கேட்கிறேன். பழைய நிரல்களில் வரிகளைத் தள்ளிவைக்கப் போட்டிருக்கும் டேபை (டேப் விசை இடும் குறியை) சாதாரண இடைவெளியாக மாற்றும் வேலையை வருவோர் போவோரிடம் விட்டுவிடாதீர்கள். நீங்களே, ஒரே தடவையில், தனி கமிட்டாக, அதாவது மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் தனியொரு பதிவாகச் செய்துவிடுங்கள்.

சில மாதங்களுக்கு முன், ஒரு திட்டத்தில் சொற்களை எண்ணும் பைத்தான் நிரல் தப்பான கணக்குக் கொடுத்தது. பைத்தான் 2 காலத்து நிரல் அது. பைத்தானில் ஒரு வரி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அது எந்தப் பகுதிக்குள் வரும் என்று முடிவாகும். லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) நான்கு இடைவெளி தள்ளித் தொடங்கியது. அதற்குள் முதல் வரி எட்டு இடைவெளியில் இருந்தது, அடுத்த வரி ஒரு டேபில். பைத்தான் 2 டேபை எட்டாம் பத்திக்கு (வரியில் எட்டு எழுத்து தள்ளிய இடத்துக்கு) நகர்த்திக் கணக்கிடும் என்பதால், இரண்டு வரியும் அதற்கு ஒரே நிலைதான். பல வருடம் ஒழுங்காக ஓடியது. பைத்தான் 3 இப்படிக் கலந்திருந்தால் டேப்எரர் என்ற பிழையைக் காட்டி நின்றுவிடும். அதைச் சரிசெய்ய, யாரோ நல்ல எண்ணத்தோடு எழுத்துகளைத் தேடி மாற்றும் செட் கட்டளையைக் கொண்டு ஒவ்வொரு டேபையும் நான்கு இடைவெளியாக மாற்றி அனுப்பியிருக்கிறார். பிழைச் செய்தி போய்விட்டது. கூடவே, எண்ணிக்கையை ஒன்று கூட்டும் அந்த இரண்டாவது வரி லூப்பை விட்டே வெளியே வந்துவிட்டது. ஆயிரம் சொல் கொடுத்தாலும் ஒன்று என்றே விடை வந்தது.

யார் எப்போது மாற்றினார்கள் என்று கிட் பிளேம் போட்டால், டேப் இருந்த வரி அத்தனைக்கும் அந்த ஒரே கமிட். அதற்குள் வேறு இரண்டு மாற்றங்களும் கலந்திருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதிலேயே போனது.

டேப் என்பது இத்தனை இடைவெளி என்ற எண்ணிக்கை இல்லை. 'அடுத்த நிறுத்தம்வரை போ' என்ற உத்தரவு. செட்டுக்கு அது தெரியாது, எங்கே பார்த்தாலும் நான்கைத் திணிக்கும். டேபை இடைவெளியாக்குவதற்கென்றே உள்ள எக்ஸ்பாண்ட் கட்டளை அந்த வரியில் எந்தப் பத்தியில் நிற்கிறோம் என்று பார்த்து, தேவையான அளவு மட்டும் நிரப்பும். எதுவும் சொல்லாவிட்டால் எட்டுக்கு ஒரு நிறுத்தம். மாற்ற வேண்டுமானால் '-டி 4' என்று கொடுக்கலாம். ஆனால் மேலே சொன்ன கோப்புக்கு நான்கு கொடுத்திருந்தால் எக்ஸ்பாண்டும் அதே தவறைத்தான் செய்திருக்கும். எழுதியவர் எந்த அகலத்தை மனதில் வைத்து எழுதினார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இந்த வேலையை உங்களிடமே கேட்பதற்கு அதுதான் காரணம்.

குனூ எக்ஸ்பாண்டில் '-ஐ' என்று ஒரு தேர்வு உண்டு. வரித் தொடக்கத்தில் உள்ள டேபை மட்டும் மாற்றி, நடுவில் இருப்பதைத் தொடாது. தமிழ் எழுத்து வரும் கோப்புகளுக்கு இது ரொம்ப முக்கியம். பல லினக்ஸ் கணினிகளில் எக்ஸ்பாண்ட் எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை (கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகை) எண்ணுகிறது. 'பெயர்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யுடிஎஃப்-8 குறியீட்டில் அது 15 பைட். அதற்குப் பின்னால் வரும் டேபுக்கு, பதினாறாவது பத்தி பக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைத்து ஒரே ஒரு இடைவெளி போட்டுவிடும். நீங்கள் அழகாக அடுக்கிவைத்த தமிழ்க் குறிப்புகள் எல்லாம் கலைந்துபோகும்.

இன்னொன்று, எக்ஸ்பாண்ட் கோப்பை இருந்த இடத்திலேயே மாற்றாது, விடையைத் திரையில் கொட்டும். அதை அதே கோப்புக்குத் திருப்பிவிட்டால், கட்டளை படிக்கத் தொடங்கும் முன்பே, கட்டளைகளை இயக்கும் ஷெல் கோப்பைக் காலியாக்கிவிடும். வேறு பெயரில் எழுதி, பார்த்துவிட்டு, அப்புறம் பெயர் மாற்றுங்கள்.

சில கோப்புகளைத் தொடவே கூடாது. நிரல்களைக் கட்டியெழுப்பும் மேக் கருவி படிக்கும் மேக்ஃபைலில் ஒவ்வொரு கட்டளை வரியும் டேபில்தான் தொடங்க வேண்டும். 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை எழுதிய காலத்து விதி அது, இன்றும் அப்படியே நிற்கிறது. சொற்பட்டியல்கள் இருக்கும் டிஎஸ்வி கோப்புகளில் ஒரு புலத்தை அடுத்ததிலிருந்து பிரிக்கும் வேலி டேப்தான். ஷெல் நிரல்களில் இரண்டு சிறுகுறியும் ஒரு கோடும் (<<-) போட்டுத் தொடங்கி, ஒரு முடிவுச் சொல்லோடு முடியும் பகுதிகளைத் தேடிப் பாருங்கள். அங்கே ஷெல் தொடக்க டேபை மட்டும்தான் நீக்கும். அதை இடைவெளியாக்கினால் முடிவுச் சொல்லை அடையாளம் காணாமல், கோப்பின் கடைசிவரை விழுங்கிக்கொண்டே போகும்.

மாற்றி முடித்ததும் 'கிட் டிஃப் -டபிள்யூ' வெறுமையாக வந்தால் எழுத்து எதுவும் மாறவில்லை என்று தெரியும். பைத்தானுக்கு அது போதாது. என்னைப் படுத்திய அந்தப் பிழையும் அதில் தெரிந்திருக்காது. சோதனைகளை ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். பிறகு அந்தக் கமிட்டின் எண்ணை ஒரு கோப்பில் எழுதி, களஞ்சியத்திலேயே வையுங்கள். 2019-இல் வந்த கிட் 2.23 முதல், அந்தக் கோப்பைப் பயன்படுத்தச் சொன்னால் பிளேம் அப்படிப்பட்ட கமிட்டுகளைத் தாண்டி உண்மையில் எழுதியவரைக் காட்டும். டேபா இடைவெளியா என்று எடிட்டருக்குச் சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பு ஒன்றையும் சேர்த்துவிட்டால், அதை மதிக்கும் எடிட்டர் டேபைத் திரும்பக் கொண்டுவராது.

உங்கள் திட்டங்களில் எதற்காவது இந்த வேலையைத் தொடங்குவதாக இருந்தால் சொல்லுங்கள். எந்தக் கோப்பு எந்த அகலம் என்று நீங்கள் குறித்துக் கொடுத்தால், ஒவ்வொன்றாகச் சரிபார்க்க என் அடுத்த ஞாயிற்றுக்கிழமையைத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நிரல்களைத் தினமும் பயன்படுத்தும் ஒருவன்