தட்டியைக் கழற்றச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுங்கை சிப்புட் பழைய கடைவரிசையில் தொங்கும் மூங்கில் தட்டிகளையும் சன்னலுக்கு மேல் நீட்டிய சாய்ப்புகளையும் மொத்தமாகக் கழற்றினால்தான் அந்தக் காலத்துக் கட்டடங்களின் அழகு தெரியும் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். சாய்ப்பு விஷயத்தில் நானும் அவர் பக்கம்தான். தட்டி விஷயத்தில் இல்லை. அந்த வரிசையில் கீழே தையல் கடை வைத்து, மாடியில் மாமியாரோடு குடியிருப்பவள் நான். மேற்குப் பார்த்த வீடு.

ரோட்டில் நின்று படம் பிடிக்கிறவர்களுக்கு ஒன்று தெரிவதில்லை. இந்தக் கட்டடங்களில் நிழல் எல்லாம் கீழே நடக்கிறவர்களுக்குத்தான். கடைக்கு முன்னால் ஐந்தடி நடைபாதை விடுவது சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் 1822-இல் அந்த ஊருக்கு வகுத்த திட்டத்தில் வந்த வழக்கம். அந்த ஐந்தடிக்கு மேலே மாடி நீண்டு வந்து கூரையாக நிற்கிறது. கீழே குளுமை. மாடிச் சுவரோ நேரே வெயிலைப் பார்த்து நிற்கிறது. எங்கள் ஓட்டுக் கூரையின் இறவாரம் ஒன்றரை அடி. மழைக்கு அது போதும், மேற்கு வெயிலுக்குப் போதாது.

நம் கடிகாரம் வேறு இருக்கிறது. 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவில் அதை அரை மணி முன்னால் தள்ளிவைத்தார்கள். இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே ஒன்றேகால் மணி வாக்கில்தான். ஐந்து மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் பந்தாடக் கிளம்பும்போதும் என் மாமியார் கட்டிலில் வெயில் கிடக்கும்.

முதலில் இருந்தது சாய்வுச் சட்டம் போட்ட பலகைச் சன்னல். காற்றை விடும், வெயிலை விடாது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அதைக் கழற்றிக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். உள்ளே திரை தைத்துப் போட்டேன். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூட்டைத் திரை என்ன செய்யும்? திரையே சுட்டது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் கட்டட வேலை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரர் ஒருவர் வந்து, பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் சாய்ப்பு போட்டால் கவலை தீரும் என்றார். சுவரிலிருந்து நாலடி நீட்டம், 1,800 வெள்ளி (ரிங்கிட்). போட்ட மறுவாரமே தையல் சாக்பீஸும் இஞ்சு டேப்பும் எடுத்து அளந்தேன். (தையற்காரி வேறென்ன செய்வாள்.) மாலை ஐந்தரைக்கு அதன் நிழல் இரண்டடிக்குச் சற்றுத்தான் கீழே இறங்கியிருந்தது. சன்னல் நாலரை அடி. மிச்சத்தில் வெயில் பழையபடி உள்ளே. போதாததற்கு, சாய்ப்புக்கு அடியில் தேங்கிய சூடு எங்கே போகும், சன்னல் வழியாக வந்தது. போல்ட் அடித்த இடத்தில் சுண்ணாம்புப் பூச்சு விரிசல் விட்டது. அவர் சிமெண்டு வைத்து அடைத்தார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்டு விடாது. இன்றைக்கு அந்த இடம் உப்புப் பூத்துக் கிடக்கிறது, தொட்டால் உதிர்கிறது. இந்த மாதிரிச் சாய்ப்புகளைக் கழற்றச் சொன்னால் முதலில் நானே ஏணி கொண்டுவருவேன்.

வழி சொன்னது மாமியார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவர். "அஞ்சடியில கோணிச் சாக்கத் தைச்சு மாட்டுவோம். வெயிலு வந்தா இறக்குவோம், போனா சுருட்டுவோம். இதுக்குப் போயி ஆயிரத்து எண்ணூறு வெள்ளியாம்மா?" என்றார். சாய்ப்பைக் கழற்றிவிட்டு மூங்கில் தட்டி வாங்கினேன். மலாயில் பிடாய் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். இறவாரத்துக் கட்டைநுனியில் கயிறு போட்டுத் தொங்கவிட்டேன். சுவரில் ஓர் ஆணி இல்லை. கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்குகிறது, இடையில் சூடு மேலே போய்விடும். மூன்று மணிக்கு இறக்கினால் ஏழு மணிக்குச் சுருட்டலாம். மாமியார் இப்போது மதியம் தூங்குகிறார்.

குறையும் உண்டு. இரண்டு வருடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சாயங்காலக் காற்றும் மழையும் ஒன்றாக வந்தால் ஓடிப்போய்ச் சுருட்ட வேண்டும், ஒருநாள் மறந்து கீழே நின்ற மோட்டார்சைக்கிள் மேல் விழுந்தது.

ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறின. எங்கள் வரிசைக்கு அந்தப் பெருமை கிடையாது, எதிர்பார்க்கிற அழகு மட்டும் அந்த ஊர்களுடையது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் கட்டிய வீட்டில் இன்னும் ஆள் குடியிருப்பதால்தான் கூரை ஒழுகாமல் நிற்கிறது. சுவரைத் துளைக்காத, சுருட்டி எடுக்கக்கூடிய எதையும் குடியிருக்கிறவர்கள் மாட்டலாம் என்று விதி போடுகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். பலகைச் சன்னலைத் திரும்பப் போட நினைக்கிறவர்களுக்கு அனுமதியைச் சுலபமாகக் கொடுக்கட்டும்.

வாசகருக்குக் கண்ணை உறுத்துவது ஆளுக்கொரு நிறம் என்றால், அது நியாயம். பச்சையா, பழுப்பா என்று பேசி முடியுங்கள். மூங்கிலுக்கு மேல் போட கென்வஸ் துணியை மட்டும் வாங்கிக் கொடுத்தால் வரிசை முழுக்க நானே தைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
தையல்கடைக்காரி,
சுங்கை சிப்புட், பேராக்