எடைக்குப் போவதற்குள் எடுத்து வையுங்கள்: தமிழ் காமிக்ஸுக்காக நூலகத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பொது நூலக இயக்குநர் அவர்களுக்கும், கன்னிமாரா நூலகத்தையும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் நடத்திவரும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

போன வருஷம் ஆவணி மாதம் எங்கள் ஊர் அருப்புக்கோட்டையில் ஒரு அண்ணன் தவறிப்போனார். கூடப் பிறந்தவர் இல்லை. எதிர்வீட்டுக்காரர். என் கையில் முதல் காமிக்ஸ் புத்தகத்தைக் கொடுத்தவர் அவர்தான். அவர் வீட்டு மச்சில் மூன்று ட்ரங்குப் பெட்டிகள் இருந்தன. 1972இல் ஆரம்பித்து அவர் சேர்த்த முத்து காமிக்ஸ், அப்புறம் லயன், ராணி, இந்திரஜால், பூந்தளிர் என்று மூன்று பெட்டியும் நிறைந்திருக்கும். இராமபாணப் பூச்சிக்குப் பயந்து நடுநடுவே வேப்பிலை போட்டு வைத்திருப்பார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் போனேன். "அதெல்லாம் எடைக்குப் போட்டாச்சு தம்பி. பிள்ளைகளோட பழைய நோட்டோட சேந்து கெடந்துச்சு, வீட்டைக் காலி பண்ணணும்ல" என்றார் அண்ணி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணவர் போன வீட்டில் பழைய காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார யாருக்கு முடியும்? பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். லோடு முந்தின வாரமே போய்விட்டிருந்தது.

அந்த மூன்று பெட்டிக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன். இனி இருக்கிற பெட்டிகளுக்காகவும்.

தமிழ் காமிக்ஸின் தொடக்கத்தைத் தேடிப் போனால் எங்கள் பக்கத்து ஊர் சிவகாசிக்குத்தான் வரவேண்டும். தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அடித்துப் பழகிய ஊர். அச்சு இயந்திரமும் மை தெரிந்த கைகளும் அங்கே ஏற்கெனவே இருந்தன. 1972இல் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. லண்டனில் வேலியன்ட் என்ற வார இதழில் 1962 முதல் வந்த தொடர் அது. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர். கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். லூயிஸ் கிராண்டேலுக்கு ஒரு கை இரும்பால் ஆனது. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆளே மறைந்துவிடுவான், அந்த இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும். அந்தக் கை கதவைத் திறக்கும், துப்பாக்கியைப் பிடுங்கும், சுவரில் ஏறும். ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் அதைப் படித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் தனியாகப் போகத் துணிந்த பையன் எங்கள் தெருவில் கிடையாது.

மாயாவியின் பின்னாலேயே லாரன்சும் டேவிட்டும் வந்தார்கள், ஜானி நீரோவும் ஸ்டெல்லாவும் வந்தார்கள், மாண்ட்ரேக் வந்தார், ரிப் கெர்பி வந்தார். 1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன், பள்ளி வயது தாண்டிய கையோடு, லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் இதழில் மாடஸ்டி என்ற சாகச நாயகி. அதே ஜூலையில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் புறப்பட்டது. அதன் முதல் இதழில் ஜேம்ஸ் பாண்ட். ஒரே மாதத்தில் இரண்டு! எங்களுக்கு அது தீபாவளி மாதிரி. ராணியில் மாயாவி என்றால் காட்டில் முகமூடி போட்டுக் குதிரையில் வருகிறவர். முத்துவில் மாயாவி என்றால் இரும்புக்கைக்காரர். எவர் நிஜ மாயாவி என்று மூன்றாம் வகுப்பில் சண்டை போட்டுச் சிலேட்டை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. ராணி காமிக்ஸ் 500 இதழ்கள் கண்டு 2005இல் நின்றுபோனது. லயனும் முத்துவும் இடையில் தள்ளாடி, 2012க்குப் பிறகு பளபளப்பான தாளில் வண்ணத்தில் மறுபடி எழுந்து நிற்கின்றன. அது தனி மகிழ்ச்சி.

ஆனால் நான் கேட்பது பழைய இதழ்களைப் பற்றி. மறுபதிப்பு வந்துவிட்டதே, பழையது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1979இல். அதற்கு முந்தின ஆண்டுதான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கற்பித்தது புதிய 'லை', புதிய 'ணை', புதிய 'றா'. யானைத் துதிக்கை மாதிரி சுழித்துக்கொண்டு நிற்கும் பழைய எழுத்துகளை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவற்றை எனக்குக் கற்றுக்கொடுத்தது அண்ணன் பெட்டியில் இருந்த எழுபதுகளின் முத்து காமிக்ஸ். படத்தைப் பார்த்து, முன்பின் சொல்லைப் பார்த்து, இது 'தலை', இது 'துணை' என்று நானே கண்டுபிடித்தேன். அதனால்தான் பின்னாளில் என் தாத்தா பர்மாவிலிருந்து பாட்டிக்கு எழுதிய கடிதங்களை என்னால் தடையில்லாமல் படிக்க முடிந்தது. புதிய மறுபதிப்பில் கதை இருக்கும். அந்த எழுத்து இருக்காது. அந்தக் காலத்து விளம்பரம், அட்டையின் உள்பக்கத்து அறிவிப்பு, வாசகர் கடிதம், மார்ஜினில் யாரோ ஒரு பையன் பென்சிலால் கிறுக்கிய தன் பெயர், எதுவும் இருக்காது.

பேச்சும் அப்படித்தான். ஆங்கிலத்தில் லண்டன் திருடன் பேசியதைத் தமிழில் 'அடப்பாவி', 'தொலைந்தேன்', 'மாட்டிக்கொண்டாயா மடையா' என்று மாற்றியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. படத்தில் பேச்சு எழுதும் பலூனுக்குள் எத்தனை எழுத்து அடங்கும் என்று எண்ணி எண்ணி எழுதவேண்டிய வேலை அது. ஆங்கிலச் சொல் மூன்றெழுத்தில் முடியும் இடத்தில் தமிழுக்கு எட்டெழுத்து ஆகும். 'டமால்', 'கும்', 'வீல்' என்ற ஒலிகளையும் படத்துக்குள் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். நான் புரட்டிய பழைய இதழ்கள் பலவற்றில் மொழிபெயர்த்தவர் பெயரையோ எழுத்தை வரைந்தவர் பெயரையோ பார்த்த ஞாபகம் இல்லை. அவர்கள் செய்த வேலைக்கு அந்தத் தாள் ஒன்றுதான் சாட்சி. அதுவும் நியூஸ்பிரிண்ட், செய்தித்தாள் அடிக்கிற தாள். நாற்பது வருஷத்தில் பழுப்பாகி, ஐம்பது வருஷத்தில் மடித்தால் ஒடிகிறது. ஸ்டேப்ளர் பின் அடித்த இடத்தில் துரு ஏறி நடுப்பக்கம் தனியே கழன்றுவிடுகிறது. அட்டை போனால் இதழ் எண் போச்சு, எண் போனால் அது எந்த ஆண்டு இதழ் என்று சொல்ல ஆள் தேட வேண்டும்.

காமிக்ஸ் தனியாக வளரவும் இல்லை. முத்து தொடங்கிய அதே 1972இல் இயக்குநர் கர்ணன் தன் கௌபாய் படங்களில் ஜெய்சங்கரைத் தொப்பியோடு குதிரையில் ஏற்றி நம் ஊர் வெட்டவெளிகளில் ஓடவிட்டுக்கொண்டிருந்தார். தினத்தந்தியில் 1960இல் ஆரம்பித்த கன்னித்தீவு அன்றாடம் காலையில் டீக்கடையில் சிந்துபாத்தை அலையவிட்டது, இன்றும் விடுகிறது. பிறகு தூர்தர்ஷன் வந்தது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் முடிந்தபின் எங்கள் தெருவில் டி.வி. இருந்த ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காமிக்ஸ் மாற்றிக்கொள்வோம். இதெல்லாம் சேர்ந்ததுதான் எங்கள் தலைமுறையின் கற்பனை. சினிமாவைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியாகிவிட்டது. தொலைக்காட்சி நாடாக்களைப் பற்றிப் பேசவும் ஆட்கள் இருக்கிறார்கள். காமிக்ஸைத்தான் சின்னப்பிள்ளை சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட்டோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நூலகத்தில் பழைய முத்து காமிக்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். "இங்க அதெல்லாம் வைக்கிறதில்ல சார், படிக்கிற புத்தகம்தான்" என்று பதில் வந்தது. எந்த நூலகம் என்பது முக்கியமில்லை. அந்தப் பதில் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. ஏனென்றால் நான் படிக்கப் பழகியதே 'அதெல்லாம்' வைத்துத்தான். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர்' என்று உலகத்துக்கே நூலகத் துறையின் விதிகளை எழுதிக்கொடுத்தவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டிலேயே முதலில், 1948இல், பொது நூலகச் சட்டம் போட்டதும் நம் மாநிலம். நாங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலாகிறது. அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

இந்தியாவில் ஒரு புத்தகம் வெளியானால் 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் பிரதி அனுப்ப வேண்டிய நூலகங்கள் நான்கு. கொல்கத்தா, மும்பை, டெல்லி, நான்காவது நம் கன்னிமாரா. 1954ஆம் ஆண்டுச் சட்டம் அது. காமிக்ஸ் புத்தகமா பத்திரிகையா என்ற குழப்பத்தில் எத்தனை இதழ்கள் எழும்பூர் வரை வந்து சேர்ந்தன, வந்தவற்றில் எத்தனை அலமாரியில் நிற்கின்றன? முதலில் இதைத் தேடிப் பார்த்துப் பட்டியல் ஒன்றை வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இருப்பது தெரிந்தால்தான் இல்லாததைத் தேடலாம்.

அடுத்து, இல்லாததை எங்களிடம் கேளுங்கள். சேகரிப்பாளர்கள் திருச்சியில் இருக்கிறார்கள், சேலத்தில் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். உயிரோடு இருக்கும்போது கொடுத்துவிட்டுப் போக ஆசைப்படுகிறவர்களை எனக்கே தெரியும். கொடுத்தால் மூட்டையாய்க் கட்டி மூலையில் போட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் அவர்களைத் தடுக்கிறது. கொடுத்தவர் பெயரோடு தனித் தொகுப்பாக வைப்போம் என்று ஒரு வார்த்தை எழுத்தில் கொடுத்தீர்களானால் பெட்டிகள் தாமாகவே வரும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒரு தனிமனிதராகச் சேர்த்த புத்தகமும் நோட்டீசும் பாட்டுப்புத்தகமும் இன்றைக்குத் தரமணியில் ஆய்வாளர்கள் தேடி வரும் நூலகமாக நிற்கவில்லையா?

மூன்றாவதாக, வந்ததை ஸ்கேன் செய்து வையுங்கள். இவற்றை இணையத்தில் இலவசமாகக் கொட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. உரிமை லண்டனிலும் பாரிசிலும் இத்தாலியிலும் இருக்கிறது, இங்கே பணம் கட்டி உரிமை வாங்கி நடத்துகிறவர்களின் பிழைப்பும் இருக்கிறது. ஆனால் லாப நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் அச்சுப் பிரதியாக இருக்கும் ஒன்றைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்து வைக்கலாம் என்று 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டமே இடம் கொடுக்கிறது. தாள் ஒடியாமல் புரட்டத் தெரிந்த இரண்டு பேர், ஒரு நல்ல ஸ்கேனர், அமிலம் இல்லாத உறை. ஆரம்பிக்க இது போதும்.

ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் மூடிப்போன ஒரு தொடக்கப்பள்ளிக் கட்டடத்தை 2006இல் மாங்கா என்கிற ஜப்பானியக் காமிக்ஸுக்கான காட்சியகமாக மாற்றினார்கள். சுமார் 3 லட்சம் பொருள்கள் அங்கே இருக்கின்றன. பிள்ளைகள் வந்து அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு புல்வெளியில் படுத்துப் படிக்கிறார்கள். நம்மிடம் அத்தனை கிடையாது, தேவையும் இல்லை. அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவில் ஒரு சுவர், கன்னிமாராவில் ஈரம் படாத ஓர் அறை. மதுரையில் புதிதாக வந்த நூலகத்திலும் ஒரு மூலை கொடுத்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சென்னைக்கு அலைய வேண்டாம். சிவகாசிக்கு அது பக்கம்தானே.

என்னிடம் இப்போது 318 இதழ்கள் இருக்கின்றன. அவற்றில் 27 அட்டை இல்லாதவை. ஒவ்வொன்றுக்கும் பெயர், எண், கிழிந்த பக்கம் எது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். என் மனைவியிடமும் மகளிடமும் பெட்டியைக் காட்டி, இதை எடைக்குப் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கன்னிமாராவில் எந்த அலுவலரிடம், எந்தக் கிழமையில் கொண்டுவந்து ஒப்படைக்கலாம் என்று அறிவியுங்கள். பஸ்ஸில் போட்டால் தாள் உடைந்துவிடும். நானே மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு முத்து காமிக்ஸ் வாசகன்