கேம் எழுதும் பிள்ளைகளுக்கு முதலில் அட்டவணை

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறை என்றால் பெங்களூருவில் கோடிங் வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் ஸ்க்ராட்ச் (கட்டங்களை அடுக்கி நிரல் எழுதுவது), பைகேம் (பைதான் மொழியில் கேம் எழுத உதவும் தொகுப்பு) என்று கேம் எழுதுகிறார்கள். ஆனால் ஹீரோ ஓடுகிறானா, குதிக்கிறானா, அடிபட்டானா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆம்-இல்லை வேரியபிள் (மதிப்பைச் சேமிக்கும் பெயர்) வைக்கச் சொல்லும் வழக்கத்தை விட வேண்டும். அப்படி ஐந்து வைத்தாலே 32 சேர்க்கைகள். அர்த்தமுள்ளவை ஆறோ ஏழோதான், மிச்சமெல்லாம் பக், அதாவது பிழை. செத்த ஹீரோ ஸ்பேஸ் தட்டினால் குதிப்பது இப்படித்தான்.

'நிலை' என்று ஒரே வேரியபிள் போதும். நிற்றல், ஓடுதல், குதித்தல், விழுதல், அடிபடுதல், சாவு: ஒரு நேரத்தில் இவற்றில் ஒன்றுதான். கணினியைத் திறப்பதற்கு முன் நோட்டில் கட்டம் போடட்டும். இடப்பக்கம் நிலைகள், மேலே ஸ்பேஸ், தரை தொடுதல், எதிரி மோதல், நேரம் முடிதல். கட்டத்துக்குள் அடுத்த நிலை. காலி என்றால் கண்டுகொள்ள வேண்டாம். குதித்தல், விழுதல் வரிசைகளில் ஸ்பேஸ் கட்டம் காலியாக இருந்தால் நடுவானில் இரண்டாவது குதி தானாக நின்றுவிடும்.

நிலையை மாற்றுவது ஒரே ஃபங்ஷன் (பெயரிட்டு அழைக்கும் நிரல் பகுதி) வழியாக மட்டும். சத்தம், அனிமேஷனை முதல் படத்துக்குக் கொண்டுவருவது, குதிக்கும் வேகம் எல்லாம் அங்கேயே. ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும்) ஓடும் அப்டேட் பகுதியில் எழுதினால் நொடிக்கு 60 முறை அனிமேஷன் முதலிலிருந்து தொடங்கி, படம் உறைந்து நிற்கும்.

அடிபடுதல் அரை நொடி என்றால் 30 ஃபிரேம் எண்ணக் கூடாது. நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் பழைய கணினியில் அது ஒரு நொடியாகிவிடும். பைகேமின் கிளாக் டிக் தரும் மில்லிநொடியை (முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தை) 1000-ஆல் வகுத்துக் கூட்டிக்கொண்டே போவதுதான் சரி. அடிபடுதல் வரிசையில் எதிரி மோதல் கட்டம் காலியாக இருப்பதும் முக்கியம். இல்லையேல் எதிரியைத் தொட்டபடி நிற்கும் மூன்றே ஃபிரேமில் மூன்று உயிரும் போய்விடும்.

எல்லாவற்றையும் இந்த ஒரே வேரியபிளில் திணிக்கவும் கூடாது. அடிபட்டு எழுந்தபின் சில நொடி கிடைக்கும் பாதுகாப்பு, ஓடும்போதும் இருக்கும், குதிக்கும்போதும் இருக்கும். அதற்குத் தனி டைமர்தான் முறை.

இன்னொன்று: பைதானில் எதிரிகளின் லிஸ்ட்டை லூப்பில் ஓட்டிக்கொண்டே செத்தவரை நீக்கினால் அடுத்தவர் விடுபட்டுவிடுவார். லூப் முடிந்தபின் நீக்கலாம்.

1980-இல் வந்த பேக்மேன் கேமின் பேய்கள் நல்ல பயிற்சி. முதல் லெவல் தொடக்கத்தில் 7 நொடி மூலைக்குச் சிதறி, 20 நொடி துரத்தும். மிரண்டு ஓடும்போது இந்தக் கடிகாரம் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தப் பேய்களின் நிலை அட்டவணையைப் பாதி நிரப்பித் தங்கள் மாணவர் பக்கத்தில் வெளியிட்டால், மீதியைப் பிள்ளைகளே நிரப்பி அனுப்புவார்கள்.

— ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு